ஹன்னாவிடம் சொன்ன கதை

ஒக்டோபர் 14, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. சுற்றுலா சீசன் முடிந்து வெள்ளைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள், ஹன்னா ஒருத்தியைத் தவிர. விடியமுன்னமே அவளை ஏற்றிக்கொண்டு என் மனுசன் ரஜீவன் தம்பலகாமத்துக்கு ஆட்டோவை விட்டுவிட்டார். காளான் தேடவாம். மாட்டுச்சாணியில் முளைக்கிற சாதி. தின்றால் சுவர் மூச்சு விடுவது போலத் தெரியுமாம்.

நான் வைக்கும் காளான் கறியை இந்த மனுசன் ஒருநாளும் தொட்டதில்லை.

ஒக்டோபர் 16, புதன்

"பொலிஸ் பிடிச்சா என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"அவ ஆராய்ச்சிக்குப் பறிக்கிறா. நான் ஆட்டோ ஓடுறன், அவ்வளவுதான்."

ஆட்டோ ஓடுகிறவருக்கு ஏன் முழங்கால் எல்லாம் சேறு?

ஒக்டோபர் 20, ஞாயிறு

அவளை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். என் கதிரையில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு காளான் பாடம் எடுத்தாள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்குமாம், அது நஞ்சாக இருக்குமாம். காளானின் தலையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து, உதிரும் தூளின் நிறத்தைப் பார்ப்பாளாம். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் எறிந்துவிடுவாளாம். இவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கறிக்கு உப்புக் காணுமா என்று நான் கேட்டது காதில் விழவில்லை.

போகும்போது என் கையைப் பிடித்து மெதுவாக இங்கிலீசில் சொன்னாள்: மதுசனை நினைத்தால் கவலையாக இருக்கிறது, காளான் தின்ற அன்றைக்கு ரஜீவன் நிறைய அழுதான் என்று. பாலர் பாடசாலை ரீச்சரான எனக்கு அந்தளவு இங்கிலீஸ் விளங்கும்.

மதுசன் இவருடைய தம்பி. சண்டைக் காலத்தில் காணாமல் போனவன். படம் ஹோலில் தொங்குகிறது. கலியாணம் முடித்த புதிதில் ஒருமுறை கேட்டேன். எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, இவர் வாய் திறக்கவும் இல்லை.

பின்னேரம் பிடித்துக் கேட்டேன். "நீங்களும் திண்டனியளோ?"

"ஓம். ஒருக்காத்தான்."

"அவளிட்ட என்ன சொன்னனியள்?"

"ஞாபகம் இல்ல, சுலோ."

பொய். பச்சைப் பொய். அவள் இவரோடு படுத்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. எனக்கு ஏன் சொல்லேலாது? நான் ஆர் இந்த வீட்டில?

ஒக்டோபர் 22, செவ்வாய்

இன்றைக்கு அவள் பெயரை எழுதுவதில்லை என்று இருந்தேன். ஹன்னா. ஹன்னா. ஹன்னா.

ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

தம்பலகாமத்தில் அம்மா வீடு. இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பின்பக்கத்தில், மாடு கட்டுகிற வெளியில், காளான்கள் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்து நின்றன. சொப்பிங் பை நிறையப் பறித்துக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை.

அவளுக்குக் காகிதம் வேண்டும், தூள் வேண்டும். எங்கள் சனத்துக்கு மஞ்சள் போதும். மஞ்சள் போட்டு அவித்தால் நஞ்சுக் காளான் கறுத்துவிடும். அம்மா புற்றுக்காளானை அப்படித்தான் பார்ப்பா.

நாளைக்கு இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். எனக்கு முன்னாலும் அழட்டும். எனக்கும் சொல்லட்டும்.

நவம்பர் 1, வெள்ளி

கறுக்கவில்லை. நல்ல மஞ்சளாக நிற்கிறது.

இவரைக் காணவில்லை. ஃபோன் எடுத்தேன். பின்னால் அவளுடைய சிரிப்புக் கேட்டது. "ஹன்னா நாளைக்குப் போறா, சாமான் கட்டிக் குடுத்திட்டு வாறன்."

போகிறவளுக்குச் சாமான் கட்டவும் என்ர மனுசன்தான் வேணுமோ?

சரி. தனியாகவே சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. சுவர் சுவராகத்தான் இருக்கிறது. வயிறுதான் —

நவம்பர் 4, திங்கள்

ஆசுபத்திரி. எழுத்துக் கோணல்.

இவர் வந்தபோது நான் குசினியில் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தேனாம். சட்டியில் மிச்சம் இருந்ததையும், பையில் அவிக்காமல் கிடந்ததையும் படம் எடுத்து ஹன்னாவுக்கு அனுப்பியிருக்கிறார். இது அந்தக் காளானே இல்லை, சத்தி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டுபோ, மிச்சத்தையும் கொண்டுபோ என்றாளாம்.

டொக்டர் ஏசினார். "மஞ்சளுக்கு நஞ்சு தெரியாது, அம்மா. வெள்ளி மோதிரம் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. காட்டுக் காளான் தெரியாட்டித் தொடக்கூடாது. இன்னும் சுணங்கியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும்."

ஹன்னா பஸ்ஸை விட்டுவிட்டு சனிக்கிழமை முழுக்க வெளியே வாங்கில் இருந்தாளாம். அவளால்தான் உயிரோடு இருக்கிறேன். இதையும் நான்தான் தாங்கவேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

பக்கத்துக் கட்டிலில் சுஹைரா என்று ஒரு கிண்ணியாக்காரி. இன்றைக்குத்தான் நிமிர்ந்து இருந்து அவவோடு கதைத்தேன்.

"ஒங்கட மனுசன் ஒங்கட கையப் புடிச்சிக்கிட்டு தம்பிர கதையெல்லாம் சொன்னாரே புள்ள. எனக்கே கண்ணால தண்ணி வந்திட்டு."

எப்போது என்று கேட்டேன்.

"சனிக்கிழமை. நீங்க மயங்கிக் கிடந்தீங்க."

ஹன்னாவுக்குத் தெரியும். இப்போது கிண்ணியாக்காரிக்கும் தெரியும். நானும் அங்கேதான் கிடந்தேன், என் கையைப் பிடித்துத்தான் சொல்லியிருக்கிறார், எனக்கு ஒரு சொல் தெரியாது! சிரிப்பு வந்தது, சிரிக்க வயிறு நொந்தது. பிறகு அழுதேன். கேட்டால் சுஹைரா சொல்லுவா, நல்ல மனுசி. கேட்க மாட்டேன். இன்னொருத்தியின் வாயால் எனக்கு வேண்டாம்.

நவம்பர் 7, வியாழன்

வீடு. ஹன்னா போய்விட்டாள். எனக்கு ஒரு பெட்டி தேயிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது நல்ல தேயிலையாகவும் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன்: "நான் மயங்கிக் கிடக்கேக்க சொன்னது எனக்குச் சொன்னதில்ல."

ஆட்டோ கழுவப் போய்விட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இவர் குசினி வாசலில் வந்து நின்றார். பசி என்று நினைத்து, இன்னும் கறி இறக்கவில்லை என்றேன்.

"மதுசனுக்கு என்ர சேட்டுகள்தான் விருப்பம், சுலோ. அண்டைக்கும் என்ர சேட்டைத்தான் போட்டுக்கொண்டு போனவன்."

அடுப்பை அணைத்தேன். நிலத்தில் இருந்தேன். அவரும் பக்கத்தில் வந்து இருந்தார்.