‘இயங்காது’ என்று எழுதிய வரி

11.8.2008, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி வரை பஸ்ஸில் நின்றே பயணம்.

காதர் பாய் அச்சகம். பட்டாசு லேபிள் சீசன். லேபிள் வடிவமைக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் லினக்ஸ் மெஷினுக்குள் பொய்யாக இன்னொரு கணினி, அதற்குள் பழைய விண்டோஸ். எல்லாம் இலவச மென்பொருள். அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் என்ற நிரல் மெஷினோடு சேர்ந்தால் பறக்கும். சேராவிட்டால் நகராது. எந்த மெஷினில் சேரும், எதில் சேராது என்ற பட்டியலை இணையத்தில் எழுதுகிறவன் நான். சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது.

பாய் வாங்கிய புது மெஷினில், மெஷின் எழும்போதே ஓடும் பயாஸ் அமைப்புக்குள் போய், ஆக்சிலரேட்டருக்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் வசதியை ஆன் செய்தேன். ரீஸ்டார்ட். ‘பயாஸ் தடுத்திருக்கிறது’ என்றே வருகிறது. ஏழு முறை. பட்டியலில் எழுதிவிட்டேன்: இந்த மாடல், இயங்காது.

12.8, செவ்வாய்

பட்டியலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரனிடமிருந்து மடல். “மின்சாரத்தை முழுதாக நிறுத்திப் பார்த்தீர்களா?” என்னிடமா கேட்கிறான்? பட்டம் வாங்கவில்லைதான். மெஷினைப் பிரித்துப் பிரித்தே கற்றவன். ‘ரீஸ்டார்ட் செய்தாயிற்று, வரி நிற்கட்டும்’ என்று பதில் போட்டேன்.

ஞாயிறு அந்த இலவச மென்பொருளின் புதுப் பதிப்பு வருகிறது. பட்டியலும் அதோடு போகும்.

தக்காளி வாங்க மறந்தேன். வீட்டில் அதற்கொரு பாட்டு.

14.8, வியாழன்

பாய் பெருமையாகச் சொன்னார்:

“அண்ணாச்சி, நீங்க எழுதுனதக் காட்டித்தான் கடைக்காரன்ட்ட சண்ட போட்டேன். சனிக்கெழம மெஷினத் திருப்பி எடுத்துக்கிறேன்னுட்டான். தெருவுல நாலு பிரஸ்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன், இத வாங்காதீகன்னு.”

சரி என்றேன். மறுபடி ஒரு ரீஸ்டார்ட். அதே தடுப்பு.

நாளை ஆடிக் கடைசி வெள்ளி, அச்சகம் லீவு. பண்டல் கட்டும் மாரியம்மாள் இருக்கன்குடிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். முன்பு பட்டாசு கம்பெனியில் இருந்தவள்.

“ஏம்மா, யூபிஎஸ்ஸ ஏன் புடுங்குற? அது எப்பவும் ஓடணும்.”

“பூட்டிட்டுப் போற எடத்துல கரண்ட் இருக்கக் கூடாதுய்யா. கம்பெனில மொத நாளே சொல்லிக் குடுத்தாக.”

“இது என்ன பட்டாசு கம்பெனியா?”

“பேப்பரு மட்டும் எரியாதாக்கும்.”

மெஷின் பிளக்கையும் உருவிவிட்டாள். இவளோடு யார் மல்லுக்கட்டுவது?

16.8, சனி

மாரியம்மாள் உருவிய பிளக்கைச் செருகி மெஷினைப் போட்டேன். தடுப்பு இல்லை. ஆக்சிலரேட்டர் சேர்ந்துவிட்டது. லேபிள் மென்பொருள் பறக்கிறது. ஒன்றரை நாள் மின்சாரமே இல்லாமல் கிடந்த மெஷின்; வெள்ளைக்காரன் கேட்டது இதைத்தான். அணைத்து ஏற்றினேன், அப்போதும் பறக்கிறது.

வாசலில் கடைக்காரன் வேன்.

“பாய், வேனத் திருப்பி அனுப்புங்க. மெஷின் நல்ல மெஷின். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“என்ன அண்ணாச்சி இது? தெருவெல்லாம் சொல்லியாச்சே. அத யாரு போயி அள்ளுறது?”

“நானே போறேன்.”

நாலு அச்சகம். நாலு இடத்திலும் அதே வாக்கியம். மூன்றாமவர் டீ சொல்லிவிட்டுச் சிரித்தார். டீயைக் குடித்தேன். சிரிப்பையும்தான்.

திரும்பி வந்து வரியைத் திருத்தினேன்: இயங்கும். ரீஸ்டார்ட் போதாது. பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் முழுதாக வடிந்த பின் ஏற்றவும்.

‘சோதித்தவர்’ என்ற கட்டம். என் பெயரைப் போட மனமில்லை. அந்த வெள்ளைக்காரன் பெயரைப் போட அதைவிட மனமில்லை. மாரியம்மாள் என்று தட்டினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்பேரா அது? ஏதும் கேஸாய்யா?”

“கேஸ் இல்ல. இத சோதிச்சது நீதான்.”

“பிளக்கப் புடுங்குனதுக்கா?”

“ஆமா.”

“அப்ப ஊரையும் போடுங்க. மாரியம்மா ஊருக்கு நூறு பேரு இருக்கோம்.”

எம். புதுப்பட்டி என்று போட்டேன். அனுப்பியாயிற்று.