குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னோம்

சிங்காநல்லூர், கோவை
12.11.2025

அன்புள்ள நவ்யாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போவதை நிறுத்தமாட்டேன் என்கிறாள். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான்கு தடவை கேட்டேன். தை கடைசியில் கல்யாணம் என்றாய். அதற்குள் துருக்கி போய் உடம்பு இளைக்க வயிற்று ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகவும், உன் அக்கா மௌனிகாவுக்குச் செய்த அதே ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னாய். அவள் அதை உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அக்காகூட வந்தாப்புல எங்கூடவும் வந்துருங்க மெர்சிக்கா, நீங்க இருந்தா எனக்குப் பயமில்லை" என்று சிரித்தாய். நான் வரமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். வாட்ஸ்அப்பில் போட்டால் அரை மணியில் உன் அம்மா கைக்குப் போய்விடும். அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன்னைவிட மூன்று வயது மூத்தவளாக இருந்தும், உங்கள் குடும்பத்தில் யாரிடம் பேசினாலும் எனக்கு 'நீங்கள்' என்றுதான் வாயில் வரும். இந்தக் கடிதத்தில் மட்டும் 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன்.

மௌனிகாவுக்கு வந்தது மூளைக் காய்ச்சல் இல்லை. அது அவளைப் பெற்ற உன் பெரியம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும் கதை. உன் அம்மாவுக்கு உண்மை தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியாது என்பது உன் சிரிப்பிலேயே தெரிந்தது.

அவளைப் பெண் பார்க்க நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருக்கும் தொப்பை. ஒருவரைக்கூட யாரும் எந்த நாட்டுக்கும் அனுப்பவில்லை. இவளைத்தான், "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்குதுங்க, வேறொண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொண்ணூற்றாறு கிலோ இருந்தாள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பல்லடம் மேட்டில் மூச்சு வாங்காமல் மிதித்தவள் அவள். ஐந்தாவதாக ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டிலிருந்து ஜாதகம் பொருந்தி வந்ததும், இதையாவது விடக்கூடாது என்று உன் பெரியம்மா முடிவு செய்துவிட்டார்.

கோவையில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று நான் கேட்டேன். "இங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கறவ நம்ம சொந்தக்காரியா இருப்பா கண்ணு. சாயங்காலத்துக்குள்ள ஈரோடு வரைக்கும் போயிரும்" என்றார். அதற்காகவே ஏழு கடல் தாண்டிப் போனோம், நவ்யா. அங்கே நல்ல வைத்தியம் என்று போகவில்லை. அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று போனோம். இஸ்தான்புல்லில் தறி மெஷின் கண்காட்சி, பெரியப்பா ஆட்டோலூம் பார்க்கப் போகிறார், பொண்ணும் ஊர் சுற்றிப் பார்க்கக் கூடப் போகிறாள் என்று பல்லடத்தில் சொல்லிவிட்டுப் போனோம். நர்ஸ் என்பதால் அவளைப் பார்த்துக்கொள்ள நான். "நீயும் எங்க ஊட்டுப் பொண்ணாட்டத்தான் மெர்சி" என்றார் உன் பெரியம்மா. அதுவரை உங்கள் வீட்டுப் பக்கவாட்டு கேட்டில் நின்றுதான் மௌனிகாவைக் கூப்பிடுவேன். அன்றைக்குத்தான் முன்வாசல் வழியாக ஹாலில் உட்கார்ந்தேன். எனக்கு அது பெரிதாக இருந்தது. பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையை வார்டில் எல்லோருக்கும் காட்டினேன். அதை எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

அங்கே ஆபரேஷனை நன்றாகத்தான் செய்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கத்தி பிடித்த டாக்டரை நாங்கள் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம், அதுவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம். ஹோட்டலில் அந்த வாரம் இதே ஆபரேஷனுக்கு வந்த பல நாட்டுக்காரர்கள் பதினான்கு பேர், எல்லோர் கையிலும் ஒரே நிறப் பட்டை. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு வாழைப்பழ அளவில் ஒரு குழாய் மாதிரி விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், ஐந்தாம் நாள் விமானம். இவ்வளவு சீக்கிரம் அத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டேன், மணிக்கு ஒரு தடவை எழுப்பி நடக்க வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

கையில் கொடுத்த காகிதம் பதினொரு பக்கம். ஒன்பது பக்கம் துருக்கி மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த இரண்டு பக்கத்தில்தான் முக்கியமானது எல்லாம் இருந்தது. ஆயுள் முழுக்க விட்டமின், மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை, வாந்தி நிற்காவிட்டால் உடனே உங்கள் ஊர் டாக்டரிடம் போங்கள். நான் படித்துச் சொன்னேன். பெரியம்மா பதினொரு பக்கத்தையும் நகைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். ஊர் டாக்டருக்குத் தெரியக்கூடாது என்றுதானே போனோம்? வயிற்றில் இருந்த ஐந்து சின்னத் தழும்புக்கு மாப்பிள்ளை வீட்டில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்வதாக முடிவானது.

ஆனியில் ஆபரேஷன், ஆவணியில் கல்யாணம். பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தாள். மண்டபத்தில் எல்லோரும் அவளைப் பார்த்ததை நீயும் பார்த்தாய். "டயட் இருந்து இளைச்சிருக்குது, நீயும் கத்துக்கோ" என்று உன் அம்மா உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பந்தியில் அடுத்த இலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு விருந்து. மாப்பிள்ளையின் சொந்தம் ஈரோட்டைச் சுற்றியே இருக்கிறது. ஒவ்வொரு வீடாக அழைப்பு, ஒவ்வொரு வீட்டிலும் இலை போட்டு மட்டன், சிக்கன், இனிப்பு. இவளுடைய வயிறு கொள்வது நான்கு வாய். "புதுப்பொண்ணு கோழி கொத்துறாப்புல கொத்துது, இன்னொரு கரண்டி வெய்யிங்க" என்று சிரித்துக்கொண்டே வைப்பார்களாம். வைப்பவர்களுக்கு அது அன்புதான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே வராமல் வாந்தி எடுத்தாள். விட்டமின் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். என்ன மாத்திரை என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வது? இதையெல்லாம் போனில் என்னிடம் சொன்னாள். எப்படியாவது மறைத்துப் போடு என்றேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

வாந்தி வெளியே தெரிந்தபோது மாமியார் சந்தோஷப்பட்டார். "இந்த வயித்துக்கு என்ன அவசரமோ, மாசங்கூட ஆகலையே" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாராம். துருக்கியில் எங்களுக்கு ஏற்பாடு செய்த பெண்ணுக்கு நான் மெசேஜ் அனுப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல் என்று பதில் வந்தது, இரண்டு பூப்படத்தோடு. மறுநாள் பல் வெளுக்கும் சிகிச்சைக்குத் தள்ளுபடி என்று விளம்பரம் வந்தது.

பத்து நாள் வாந்திக்குப் பிறகு ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியம்மா பயந்துபோய் என்னை அனுப்பினார். "போய்ப் பாத்துட்டு வா கண்ணு. வாயைத் திறந்துபோடாதே" என்றார். நான் போனபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்ன வயது, கவனமாகத்தான் விசாரித்தார். முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார். "குடல்வால் மட்டுந்தானுங்க" என்றார் மாமியார். நான் கட்டில் ஓரம் நின்றிருந்தேன். மௌனிகா போர்வைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இது என்னவென்று உனக்குப் புரிய வேண்டும். இப்படி வயிற்றை வெட்டியவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் பி1 என்ற விட்டமின் உடம்பில் தீர்ந்துபோகும். அதை ஊசியில் கொடுக்காமல் வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால் மிச்சமிருப்பதும் போய்விடும். மூளையும் நரம்பும் கெடும். எனக்கு இது தெரியும். எங்கள் வார்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அந்த டாக்டர்மேல் குற்றமில்லை. அவரிடம் நாங்கள் குடல்வால் என்று சொன்னோம்.

மறுநாள் போனேன். என்னைப் பார்த்ததும், "ரெண்டு மெர்சி தெரியறாடி. ஒருத்திய ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு ஒருத்தி இரு" என்றாள். மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். வராந்தாவுக்கு வந்து பெரியம்மாவுக்குப் போன் செய்து, சொல்லியே ஆக வேண்டும் என்றேன். பெரியப்பா சூரத்திலிருந்து வரட்டும், ஒரு நாள் பொறு என்றார். நான் பொறுத்தேன். யாரும் என் வாயைக் கட்டவில்லை. மண்டிக்கார வீட்டு முன்னால் உங்கள் வீட்டு மானத்தை நான் வாங்கினதாக ஆகிவிடுமே என்று பயந்தேன். அந்த வீட்டு மானத்தில் எனக்கு என்ன பங்கு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவளுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் இஸ்தான்புல் என்றாள். அப்போதுதான் டாக்டர் அறைக்குள் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊசியைப் போடச் சொல்லிவிட்டு ஓடினார். உயிர் தங்கியது. ஒரு நாள் முந்தியிருந்தால் நினைவும் நடையும் எவ்வளவு தங்கியிருக்கும் என்று பிறகு அவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

மாப்பிள்ளை சசிதர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குண்டா இருந்தப்ப எடுத்த போட்டோவப் பாத்துத்தானுங்க நான் சரின்னேன். எங்கிட்ட ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை?" உண்மையாகத்தான் கேட்டாரா, இப்போது அப்படிச் சொல்வது சுலபம் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவளைப் பல்லடத்துக்குக் கூட்டி வந்தபின் வாரம் தவறாமல் வந்து பார்த்தார். இந்த மாதம் வரவில்லை.

நவ்யா, ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் செய்துகொண்ட மதுக்கரை டீச்சர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு வருகிறார். சர்க்கரை நோய் அடங்கிவிட்டது, நன்றாக இருக்கிறார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சின்ன எவர்சில்வர் டப்பாவில் தன் சாப்பாட்டை எடுத்துப் போகிறார். கேட்டால், "வயித்த வெட்டியாச்சுங்க, இவ்வளவுதான் கொள்ளும்" என்கிறார். அவரால் அதைச் சொல்ல முடிகிறது. உன்னால் முடியுமா? உனக்கு இது தேவையா என்று முதலில் கேட்க வேண்டியது ஒரு டாக்டரை, ஜாதகத்தோடு வருகிறவர்களை இல்லை. அப்படியும் துருக்கிதான் என்றால், திரும்பி வந்தபின் உன்னைப் பார்க்க, நீ போவதற்கு முன்பே இங்கே ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். என்ன செய்தார்கள் என்று முழுவதும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கு. ஐந்தாம் நாள் விமானம் ஏறாதே. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாது. தையில் கல்யாணம் செய்துகொண்டு இதை மாமியாரிடம் எப்படி மறைப்பாய்? எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், தலைவலிக்குப் போனாலும், முதலில் இந்த ஆபரேஷனைச் சொல்ல வேண்டும், சாகிற வரைக்கும். யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளக்கூடிய ஆபரேஷன் இல்லை இது.

டூட்டி இல்லாத ஞாயிறுகளில் மௌனிகாவைப் பார்க்கப் போகிறேன். சுவரைப் பிடித்து நடக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பெயர் பிசகாமல் சொல்கிறாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரிவதில்லை. கல்யாணம் நடந்தது சில நாள் நினைவிருக்கிறது, சில நாள் இல்லை. பெரியம்மா காபி போட உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் இழுத்து, "யாருகிட்டயும் சொல்லிப்போடலையே, மெர்சி?" என்று கேட்கிறாள். ஒரே மதியத்தில் மூன்று நான்கு தடவை கேட்பாள். இல்லை புள்ள, சொல்லவில்லை என்கிறேன். முகம் தெளிந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கிறாள்.

இந்த ஞாயிறும் கேட்பாள். நானும் அதையேதான் சொல்வேன்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீயே சொல்லிவிடு, நவ்யா. சொல்ல முடியாது என்றால் போகாதே. எனக்குப் பெரிய பதிலெல்லாம் வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு. ஞாயிறு நான் பல்லடம் பஸ் ஏறுவதற்குள் வந்தால் நல்லது. உன் உடம்பை ஆண்டவர் காக்கட்டும்.

உன் அக்காவின் தோழி,
மெர்சி