மாமனார் கடிதத்தில் ஒரு வரி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-3-1933

அன்புள்ள அண்ணன் வைத்தியலிங்கம் அவர்களுக்கு,

தங்கை வீரம்மா வணங்கி எழுதுவது. நானும் மகள் ரமணியும் உடம்புக்கு நலம். அண்ணிக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

எப்போதும் நான் சொல்லச் சொல்ல ரமணிதான் எழுதுவாள். இதை அவள் தையல் வகுப்புக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரமணியின் அப்பா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. கிள்ளானில் இருக்கும் என் கொழுந்தன் பக்கிரிசாமி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். ரயில்வே பட்டறையில் உழைத்து அவர் கட்டிய இந்த வீடு தம்பியான தமக்கே சேரும் என்கிறார். நான் அவரோடு இருந்தவள்தானாம், தாலி கட்டிய மனைவி இல்லையாம். "கல்யாணத்த யார் பார்த்தா? நான் பார்க்கலையே" என்று பாசார் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டாராம். அவர் எப்படிப் பார்த்திருப்பார்? அப்போது ஊரில் சிறு பையன். பார்த்தவர்களில் இன்று யாரும் இல்லை. மாமனார் போய்விட்டார், கிள்ளான் கோயில் பூசாரியும் சாட்சிக்கு நின்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் யார் கல்யாணத்தைப் பதிந்தார்கள்?

வக்கீலிடம் கார்த்திகேசு என்று யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். "முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கடதாசி எண்டால், எழுதினவர் உயிரோடை இல்லாட்டிலும் கோர்ட் ஏற்கும் அம்மா. ஆனால் அது இருக்கவேண்டிய இடத்திலை இருந்து வரவேணும்" என்றார். கேட்டதும் எனக்கு நினைவு வந்தது. 1902-இல் என்னைக் கப்பலேற்றி அனுப்பினீர்கள். கல்யாணம் முடிந்ததும் மாமனார் ரெங்கசாமி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினாரே, அது இருக்கிறதா? கரையான் தின்னாமல் இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ரமணிக்குக் கிள்ளானில் ராதாகிருஷ்ணன் என்ற வாத்தியாரைப் பேசி முடித்திருக்கிறோம். இந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு.

உடனே பதில் எழுதுங்கள்.

தங்கை வீரம்மா

*

நாகப்பட்டினம்
2-4-1933

அருமைத் தங்கை வீரம்மாவுக்கு அண்ணன் ஆசி கூறி எழுதுவது.

அண்ணிக்குத் தேவலை. கடிதம் இருக்கிறது. நிலப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் கிடந்தது. மடிப்பில் கொஞ்சம் விட்டிருக்கிறது. உறையில் கிள்ளான் தபால் முத்திரை நன்றாகத் தெரிகிறது.

வாசித்தபோதுதான் திடுக்கிட்டேன். "தங்கள் தங்கை சிறு வயதிலேயே தாலி அறுத்தவள் என்பதை மறைக்காமல் எழுதினீர்கள். என் மகன் தம்புசாமி தெரிந்தே சம்மதித்தான்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில்தான், வைகாசி பதினைந்தாம் தேதி கோயிலில் வைத்து உனக்குத் தாலி கட்டிய செய்தி வருகிறது.

இதைக் கோர்ட்டில் வாசித்தால் ஊரே கேட்கும். ரமணிக்கு நீ சொன்னதில்லையே. சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ? அந்தப் பெயரைச் சொல்லி யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாது என்றுதான் அத்தனை தூரம் அனுப்பினேன். அந்த ஒரு வரியில் மட்டும் மையைக் கொட்டிவிடவா? கை தவறிச் சிந்தியது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் பதில் வரும்வரை தொடமாட்டேன்.

வைத்தியலிங்கம்

*

பிரிக்பீல்ட்ஸ்
17-4-1933

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

"கை வைக்க வேண்டாம்" என்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். கடிதம் போய்ச் சேர்வதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று தபாலாபீசுக்கு ஓடினேன்.

கார்த்திகேசுவிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு எழுத்திலை மை பட்டாலும் முழுக் கடதாசியையும் சந்தேகிப்பினம். அப்படியே வரட்டும் அம்மா."

மூன்று நாள் யோசித்தேன் அண்ணா. ரமணியை விதவைக்குப் பிறந்தவள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தாலி இல்லாதவளுக்குப் பிறந்தவள் என்று சொல்ல விடமாட்டேன்.

நாகப்பட்டினம் கோர்ட்டில் உங்களை விசாரிக்க இங்கிருந்து உத்தரவு வரும். எங்கே வைத்திருந்தீர்கள், யார் யார் தொட்டார்கள் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். வாக்குமூலத்தோடு கடிதத்தையும் அவர்களே சீல் வைத்து அனுப்புவார்கள். கப்பல் நல்லபடி வந்து சேர வேண்டும்.

ரமணியிடம் நானே சொல்லிவிடுகிறேன். இன்னும் வாய் வரவில்லை.

வீரம்மா

*

பிரிக்பீல்ட்ஸ்
28-8-1933

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

தீர்ப்பு நமக்குச் சாதகம். முதலில் அதைத் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் படியுங்கள்.

ரமணியை வீட்டில் இருக்கச் சொன்னேன். "உன்ன தனியா விடமாட்டேம்மா" என்று கூடவே வந்துவிட்டாள். நான்கு மாதமாக அவளிடம் சொல்லாமலே நாளைக் கடத்தியிருந்தேன். அன்று கோர்ட் வாசலிலும் வாயெடுத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி துரை உங்கள் வாக்குமூலத்தைப் படித்தார். கடிதத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து மடிப்பையும் மையையும் பார்த்தார். பக்கிரிசாமியின் வக்கீல், பெட்டியில் வைத்திருந்ததாக யாரும் சொல்லலாம், தேயிலைத் தண்ணீரில் நனைத்தால் புதுக் காகிதமும் பழசாகிவிடும் என்றார். அப்புறம் மொழிபெயர்ப்பாளர் உரக்க வாசித்தார். அந்த வரி வந்தபோது பக்கத்தில் இருந்த ரமணியின் கை என் கையை விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

துரை சொன்னதைக் கார்த்திகேசு எனக்குத் தமிழில் சொன்னார். கடிதம் சேர வேண்டியவர் வீட்டில் முப்பது வருஷம் இருந்திருக்கிறது. பொய்யாக எழுதுகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கே தலைகுனிவான ஒரு வரியை ஏன் எழுதப் போகிறார்கள் என்று கேட்டாராம். அந்த வரிதான் என்னைக் காப்பாற்றியது. நீங்கள் மை கொட்டியிருந்தால் இன்று நான் தெருவில்.

பக்கிரிசாமி தலை நிமிரவில்லை. படியிறங்கும்போது என்னிடம் வந்து, "அப்பா எழுத்துதான், அண்ணி. பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றார்.

ராதாகிருஷ்ணனின் தாயார், யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியனுப்பினார். பன்னிரண்டு நாளாகிறது. தபால்காரர் வரும் நேரத்தில் எனக்கு வேலை ஓடுவதில்லை.

ரமணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் மாவு இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து உலக்கையை வாங்கிக்கொண்டாள். "அப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரிந்துதான் கட்டினார் என்றேன். கொஞ்ச நேரம் இடித்தாள். பிறகு, "உனக்கு முதல்ல தாலி கட்டின அந்தப் பையன் பேர் என்ன?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை அண்ணா. எட்டு வயதில் கட்டி வைத்தீர்கள், ஒன்பது வயதில் அறுத்தீர்கள். வளையலை உடைத்தது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. அவன் பெயரை என் முன்னால் யாரும் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. இப்போது என் மகள் கேட்கிறாள்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். அவன் பெயர் உங்களுக்கு நினைவிருந்தால் அடுத்த தபாலிலேயே எழுதுங்கள். ரமணியே பிரித்துப் படிக்கட்டும்.

உங்கள் தங்கை
வீரம்மா