சூடானது மலை அல்ல

1957 பெப்ரவரி 11

இல்லை. தோட்டத்து வெப்பநிலை படிப்படியாக ஏறவே இல்லை. 1926 முதல் கோடு ஒரே மட்டத்தில் கிடக்கிறது. 1938இல் ஒரே தாவல் – நாலு பாகை. பிறகு மறுபடியும் மட்டம். பக்கத்து ஹாலிஎலப் பதிவில் அந்தத் தாவலே இல்லை. ஒரு மலை மட்டும் ஒரே வருடத்தில் சூடாகுமா?

தோட்டத் துரைக்கு வேண்டியது வேறு. லய வீடுகளில் வாழும் தொழிலாளச் சனங்கள் விறகுக்குக் காட்டை வெட்டியதால்தான் தோட்டம் சூடாகிக் கொழுந்து குறைந்தது என்று எங்கள் வானிலைக் கந்தோரின் அட்டவணை சொல்ல வேண்டும். சொன்னால் விறகுக்குத் தடை.

பெப்ரவரி 14

தோட்டத்துக்கே போனேன். வெப்பமானிப் பெட்டி ஃபெக்டரிச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை காயவைக்கும் அடுப்பு. டீமேக்கர் மரியநாயகம் பெருமையாகச் சொன்னார்: "முன்ன புல்லுத்தரையில இருந்துச்சுங்க மிஸ். மழையில நனைஞ்சுக்கிட்டு யாரு போயி பாக்குறது? முப்பத்தெட்டுல நான்தான் இங்க தூக்கியாந்தேன்."

சுவரில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 15

மேலதிகாரி சிற்றம்பலத்திடம் சொன்னேன். சிரித்தார். "அப்ப அடிக்குறிப்பு ஒண்டு போடுவம் பிள்ளை. ஆர் வாசிக்கப் போகினம்?"

அட்டவணையே போகக் கூடாது என்றேன்.

"கந்தோரிலை கோவத்துக்கு இடமில்லை."

பொய்க்கு இருக்கிறதா? இதற்கா கணிதம் படித்தேன்?

பெப்ரவரி 22

சிற்றம்பலம் அட்டவணையைத் துரைக்கு அனுப்பிவிட்டார். அடிக்குறிப்புக்கூட இல்லாமல்.

மார்ச் 4

பதுளைக் கடைத்தெருவில் சூசையம்மா. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நான் அங்கே போன அன்று எனக்குத் தேநீர் தந்தவள்.

"விறகெடுத்தா பேரு வெட்டு, அன்னைக்குக் கூலி இல்லன்னு காலைப் பெரட்டுல சொல்லிட்டாங்க மிஸ். மலைக்குக் காய்ச்சலாம், நாங்கதான் குடுத்தோமாம். படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொன்னாங்களாம்." சிரித்தாள். "இனி ரொட்டி சுடாம மாவைப் பச்சத்தண்ணியில கரைச்சுக் குடிக்க வேண்டியதுதான்."

அந்தக் கணக்கு நான் போட்டது. கூட்டல், சராசரி, எல்லாம். எவ்வளவு சுத்தமாகப் போட்டேன்! நாசமாய்ப் போக.

மார்ச் 5

விடியுமுன் ஒரு லொறியில் ஏறிப் போனேன். பெரட்டுக் களத்தில், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரைக்கு ஆங்கிலத்தில், மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன் – சூடானது மலை அல்ல, பெட்டி. அதைச் சூடாக்கியது ஃபெக்டரி அடுப்பு. அது தின்பதும் காட்டு விறகுதான்.

கத்தித்தான் சொன்னேன். கோபத்துக்கு இங்கே இடமிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண்: "அப்படிப் போடு!" கங்காணி, "ஏய், வாய மூடு" என்றார். அவள் மூடவில்லை.

மார்ச் 27

விறகுத் தடையை எடுத்துவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லை.

எனக்குத் தொலைவில் மொனராகலைக்கு மாற்றம். அதற்கும் சொல்லவில்லை.

சேலைகளை மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்தேன்.