ஈசேயில் ஒரு வெறுங்காணி

மே 7, வியாழன். பீல், சுவிஸ்
மழை. பெட்டி இன்னும் கட்டவில்லை. குடை, பிரஷர் மாத்திரை, மிக்சர். பின்னேரம் கோயில் கூட்டம். கோயில் வாடகைக்கு இருக்கும் மண்டபத்தை விற்றுவிட்டார்கள், குளிருக்கு முன் வெளியேற வேண்டும். டயர்க் கடைக்குப் பின்னால் ஓர் இடம் வாடகைக்கு இருக்கிறது. இந்த மாதம் பதில் சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும். தலைவர் சிவம் அண்ணை ஒரே பிடி: "பிரதிஷ்டை பண்ணின பிள்ளையாரை அசைக்கேலாது." பாலஸ்தாபனம் செய்து, சாமியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, மாற்றலாம் என்கிறார் ஐயர். அண்ணை அதையும் கேட்கவில்லை. செயலாளர் நான் நாளை ஜப்பான் சுற்றுலா. நல்ல செயலாளர்.

மே 12, செவ்வாய். நாரா
வெயில். வழிகாட்டி, சூரிச்சில் கட்டடக்கலை படிப்பித்த அம்மா. எல்லாம் தெரியும், மெதுவாக நடக்க மட்டும் தெரியாது. ஐந்தடுக்கு மரக்கோபுரம். நிலம் அதிர்ந்தால் அடுக்குகள் தனித்தனியே அசையும், விழாது என்றார். மனைவி ராணி: "இஞ்சை எல்லாம் அசையுது. சிவம் அண்ணையைக் கூட்டிவந்திருக்கலாம்." முழங்கால் வலி.

மே 14, வியாழன். ஈசே
தூறல். வாசலில் தண்ணீர்த் தொட்டி, மர அகப்பை. கால் கழுவாமல் கோயிலுக்குள் எப்படி? சப்பாத்தைக் கழற்றிக் கழுவினேன். வழிகாட்டி அம்மா ஓடிவந்தார். கைக்கும் வாய்க்கும் மட்டும்தானாம். வெட்கம். ராணி சிரித்துச் சிரித்து இருமினாள்.

உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு மேலால் கூரை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் அதே அளவு வெறுங்காணி, வெள்ளைக்கல் பரப்பி. இருபது வருடத்துக்கு ஒருமுறை அதில் புதுக்கோயில் கட்டிச் சாமியை அங்கே கொண்டுபோவார்களாம். சாமி கோபிக்காதா என்று கேட்டேன். "சாமிக்காகத்தானே கட்டுகிறார்கள்" என்றார் வழிகாட்டி அம்மா. சிவம் அண்ணைக்குக் காட்டப் படம் எடுத்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

மே 24, ஞாயிறு. பீல்
குளிர். மே மாதமாம். பூசை முடிந்து கூட்டம். போனில் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன். சிவம் அண்ணை கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் காணி ஆரின்ரை?"

"கோயிலின்ரைதான், அண்ணை."

"அதுதானே. அவைக்கு அடுத்த இடம் எங்கை எண்டு தெரியும்."

நான் இதை யோசிக்கவே இல்லை.

"புது இடம் எத்தினை வருஷத்துக்குத் தருவினம்?"

"பத்து."

"பிறகு?"

சிவம் அண்ணை பிள்ளையார் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு புது இடத்துக்கு மாறச் சம்மதமென்று அவரே முதலில் கையை உயர்த்தினார். பின்னால் நாங்கள். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். அழுகை வந்தது.