துடுப்புப் படகில் எட்டாவது இடம்

கோபக்கார யூசோப்புக்கு,

பாங்காக்கிலிருந்து வந்த எட்டுப் பேரோடு, துடுப்புப் படகில் கடல்பசு மேயும் இடத்துக்குக் கிளம்பிவிட்டேன். மஞ்சள் மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். சாவி நண்டுக்கூட்டுக்கு அடியில்.

பத்து மணிக்கு உங்கள் விசைப்படகு முதலாளி வருவார். தீவு பார்க்க வரும் நாற்பது பேரையும் இங்கே இறக்கட்டுமா என்று மறுபடி கேட்பார். "ஒரு நாளைக்கு எட்டுப் பேருதான், ஊரே கூடிப் பேசி முடிவு பண்ணியாச்சு"ன்னு சொல்லிவிடுங்கள். நேற்று என்னிடம் கத்தின மாதிரி அவரிடம் கத்தவேண்டாம். டீ கொடுங்கள்.

"சேத்தையும் புல்லையும் பாக்க எவன் வருவான்?"னு கேட்டீங்களே! மழைக்காலம் வரை ஒரு நாள்கூடக் காலியில்லை. போன வாரம் ஒரு அம்மா, தண்ணீருக்கு மேலே கடல்பசு மூக்கை நீட்டி மூச்சு விட்டதைப் பார்த்து அழுதேவிட்டார். நம்ம கடலய்யா!

உங்கள் பிடிவாதக்காரப் பெண்டாட்டி,
ரோஹானி

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பன்னிரண்டு வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் தீவு தீவாகக் கூட்டிப்போனவர் நீங்கள், நம் கடல்பசுவை மட்டும் பார்த்ததேயில்லை. உங்கள் எஞ்சின் சத்தம் கேட்டாலே அது ஓடிவிடும். அதனால் நாளைக்கு ஏழு இடம்தான் வெளியாட்களுக்குக் கொடுத்தேன். விசைப்படகைக் கட்டிவிட்டு வாருங்கள். துடுப்பு நான் போடுகிறேன்.