ஏழாம் மாடியில் சொன்ன சலாம்

பம்பாய்
12.03.1984

அன்பின் உம்மாவுக்கு, மகன் அச்சிமுகம்மதின் சலாம். அல்லாஹ்ட காவலில நான் சுகம். உங்கட முழங்கால் நோவு எப்படி?

நான் வேலை செய்யிற ஹோட்டல் மாறிட்டன், பயப்பட ஒண்டுமில்ல. இதுவும் ஊருக்கு ஊர் கிளை வெச்ச பெரிய கம்பெனிதான். பழைய ஹோட்டல்ல இருந்து பார்த்தா கடல் தெரியும். இங்க கட்டடத்துக்குள்ளயே அருவி கட்டி வெச்சிருக்காங்க. அங்க படுக்கை விரிப்ப ஒரு நாளைக்கு ஒருக்கா மாத்துவம், இங்க ரெண்டு தரம். எங்களுக்கு ரெண்டிலயும் பின்வாசல்தான்.

பழைய ஹோட்டல்ல ஏழாம் மாடியில விரிப்பு வண்டியத் தள்ளிக்கொண்டு போகக்குள்ள, உங்கட தம்பி ஆதம்லெவ்வை மாமா கோட்டுப் போட்டு ஒரு அறையால வெளிய வந்தார். போன கந்தூரிச் சாப்பாட்டுக்கு என்னோட ஒரே சஹன் தட்டில கை வெச்சுத் திண்ட மனிசன். தங்க வந்தவங்களோட நாங்க கதைக்கக் கூடாதெண்டதை மறந்து, ஊர்ல போல சலாம் சொல்லி ரெண்டு கையையும் நீட்டிட்டன். மாமா தன்னோட வந்த வியாபாரியப் பார்த்தார். சத்தத்துக்கு ஓடிவந்த மனேஜரிட்ட, "இவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது" எண்டார். அண்டைக்கே என்னை நிப்பாட்டிட்டாங்க.

ஆரும் இங்க வந்தா உடுக்க மருதமுனைச் சாறன் ஒண்டும் கொஞ்சம் மாசிக் கருவாடும் குடுத்து விடுங்க. இங்க தனியத்தான் திங்கிறன்.

வேலைக்குக் கூப்பிடுறாங்க, கடிதத்த நிப்பாட்டுறன். இந்தக் கந்தூரிக்கும் மாமா வருவார். நான் வழமையா இருக்கிற இடத்திலயே அவர இருத்தி, சஹன் வெயுங்க. என்னைப் பத்தி ஒண்டும் கேட்க வேணாம். பம்பாயில எந்த ஹோட்டல் நல்லம் எண்டு மட்டும் கேளுங்க.